ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை

முதல் நாள், வெள்ளி இரவு

வந்து சேர்ந்துவிட்டேன். ஆறு மணி நேரப் பேருந்துப் பயணம், அதில் கடைசி ஒரு மணி நேரம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பேருந்தே முக்கி முனகி ஏறுகிற இந்த மலையில் நாளை மறுநாள் நான் காலால் ஏற வேண்டும். அதற்குப் பணமும் கட்டியிருக்கிறேன்.

இதுவரை நான் ஓடியதெல்லாம் தார்ச் சாலையில்தான். மூன்று மாரத்தான்கள் முடித்திருக்கிறேன், அவற்றில் நல்ல நேரம் 4 மணி 35 நிமிடம். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடப்போவது ட்ரெயில் ஓட்டம்: ஒற்றையடிப் பாதை, காடு, பாறை, ஓடை என்று 32 கிலோமீட்டர். பதிவு செய்த அன்றே மனக்கணக்குப் போட்டாயிற்று. சாலையாக இருந்தால் மூன்றரை மணி நேரம். மலை என்பதால் தாராளமாக ஒரு மணி சேர்த்தால் நாலரை. பந்தயத்துக்கான கட்-ஆஃப், அதாவது முடித்தாக வேண்டிய நேர வரம்பு, 8 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று பேருந்தில் அந்தக் கணக்கு உடைந்தது. பாதை விவரத்தில் தூரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்தது, நான்தான் அதை மதிக்கவில்லை: மொத்த ஏற்றம் 1,600 மீட்டர். இதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்னது. மலையில் நடப்பவருக்கு ஒவ்வொரு 3 மைலுக்கும் ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர், 600 மீட்டர். எங்கள் பாதைக்குப் போட்டுப் பார்த்தேன். 9 மணி 4 நிமிடம் வந்தது. மறுபடி போட்டேன். அதேதான்.

அதாவது, நன்றாக நடப்பவர் நடந்தே போனால் இந்தப் பந்தயத்தை முடிக்கவே முடியாது. இளகிய மனசாவது ஒன்றாவது.

சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகத் தூரத்தோடு கூட்டிவிடுவார்கள். 32-உம் 16-உம் 48. பிறகு சட்டைக்குப் போடுவதைப் போலவே பந்தயங்களுக்குச் சைஸ் போடுவார்கள். 45 முதல் 74 வரை என்ன சைஸ் தெரியுமா? எஸ். ஸ்மால்! ஆல்ப்ஸில் இருக்கும் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் பெரிய பந்தயம் சுமார் 170 கிலோமீட்டர், 10,000 மீட்டர் ஏற்றம். அது டபுள் எக்ஸ் எல். நான் மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டுத் தயாரானது குழந்தைச் சட்டைக்கு.

தயாரானது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பக்கம் மலையே கிடையாது, எங்கள் குடியிருப்பில் பதினான்கு மாடி இருக்கிறது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் எட்டுத் தடவை படியேறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் லிஃப்டில் இறங்கி, மறுபடி ஏறுவேன். இறங்குவது முழங்காலுக்குக் கெடுதல் என்று யாரோ சொன்னது மனதில் தங்கிவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் முதல் வாரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாவது வாரத்திலிருந்து எனக்காக லிஃப்டை நிறுத்தி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

கூட வருவதாக இருந்த தோழிக்குப் போன வாரம் கணுக்கால் பிசகிவிட்டது. ஆகவே தனியாக வந்திருக்கிறேன். குளிர்கிறது. தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், சனி மாலை

காலையில் இருபது நிமிடம் மெதுவாக ஓடிப் பார்த்தேன். உயரமோ பயமோ, நாடித்துடிப்பு எகிறியது. பயம்தான் என்று நினைக்கிறேன்.

மதியம் பை சோதனை. சாலை ஓட்டத்தில் சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் எண்ணை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இங்கே பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் பை, மழைச் சட்டை, தலையில் மாட்டும் விளக்கு, கட்டுத்துணி, விசில், உடம்பைச் சுற்றிக்கொள்ளும் வெள்ளிநிறத் தாள். ஒன்று குறைந்தாலும் எண் கிடையாது. எனக்கு முன்னால் நின்ற பையன், “காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற ஓட்டத்துக்கு விளக்கு எதுக்குங்க?” என்று கேட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிராமலே, “கால் உடைஞ்சு உட்கார்ந்தா ராத்திரி ஆயிடும் தம்பி” என்றார். பையன் போய் விளக்கோடு திரும்பி வந்தான்.

பாதை விளக்கக் கூட்டத்தில் என் நோட்டில் எழுதிக்கொண்டவை இரண்டு. ஒன்று, ஆபத்தில் விசில் ஊதும் முறை: ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. பதில் மூன்றாக வரும். இரண்டாவது, பாதை நெடுக ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருக்கிறது. ஐந்து நிமிடமாக ரிப்பன் கண்ணில் படவில்லை என்றால் தவறான பாதையில் இருக்கிறோம் என்று அர்த்தம். யோசிக்காமல் கடைசியாகப் பார்த்த ரிப்பனுக்குத் திரும்பிவிட வேண்டும். இதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். நாளைக்கு யாராவது தொலைந்து போவார்கள், பாவம் என்று நினைத்தபடி போட்ட கோடு.

என் அறையில் இன்னொருவர் தங்கியிருக்கிறார். வயது ஐம்பத்தாறாம். இது பதினோராவது மலை ஓட்டமாம். கட்டிலில் உட்கார்ந்து கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார். என்னையும் வெட்டச் சொன்னார். “நீளமா விட்டா இறக்கத்துல ஷூ முனையில இடிச்சு இடிச்சு கறுத்துப்போகும்மா.” அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

என் ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். ஐந்து மில்லிமீட்டர் பல் உள்ள புது ஷூ. புதிதானாலும் எண்பது கிலோமீட்டர் ஓடிப் பழக்கியது என்று பெருமையாகச் சொன்னேன். தலையாட்டினார். எப்படிப் பயிற்சி எடுத்தாய் என்று கேட்டார். படிக்கட்டுக் கதையைச் சொன்னேன்.

“நல்லதுதான். இறங்குனது?”

“லிஃப்டுல அக்கா.”

நகவெட்டி அப்படியே நின்றது. சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. “சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று மட்டும் சொன்னார். இந்த ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கிறுக்கையெல்லாம் யார் ஆரம்பித்தது அக்கா என்று கேட்டதற்கு ஒரு கதை சொன்னார். கலிஃபோர்னியாவில் நூறு மைல் தூரத்துக்கு ஒரு குதிரைச் சவாரிப் பந்தயம், ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும். கார்டி எய்ன்ஸ்லி என்பவருடைய குதிரை ஒரு வருடப் பந்தயத்தில் நொண்டிவிட்டதால் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம், 1974-இல், குதிரையே இல்லாமல் குதிரைகளோடு காலால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். அந்தப் பாதையில்தான் இன்றும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்ற நூறு மைல் ஓட்டம் நடக்கிறது. “குதிரை இல்லாமப் போனது ஒரு சாக்குதான்” என்றார் அக்கா.

மணி எட்டு. அவர் தூங்கியே போனார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு இரவு

படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுந்து உட்கார்வதற்கு இன்னொருவர் உதவி வேண்டும்.

காலை ஆறுக்குக் கிளம்பினோம். முதல் 700 மீட்டர் அகலமான மண் சாலை, எல்லோரும் பறந்தார்கள், நானும்தான். பிறகு பாதை ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கி நேராக மேலே திரும்பியது. முன்னால் இருந்த ஐம்பது பேரும் ஒரே நொடியில் நடக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மாரத்தானில் நடந்தால் தோற்றதாக அர்த்தம், அந்தப் பழக்கம். ஓரமாகப் புகுந்து ஓடியே ஏழெட்டுப் பேரைத் தாண்டினேன். இருநூறு மீட்டர் போயிருப்பேன். மூச்சு நெஞ்சில் முட்டி, பாதையோரத்து வேரில் உட்கார்ந்துவிட்டேன். தாண்டிய எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பேசிக்கொண்டே என்னைக் கடந்து நடந்தார்கள். கடைசியாக அக்கா. நிற்கவில்லை. “கையை முட்டியில வச்சு அழுத்து, குனிஞ்சு நட” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அப்படியே செய்தேன். வேலை செய்தது! இரண்டு கையாலும் தொடையை அழுத்தி, சின்னச் சின்ன எட்டாக. செங்குத்தான ஏற்றத்தில் அதே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதற்குச் சக்தி குறைவாகத்தான் செலவாகும், பெரிய வீரர்களும் அங்கே நடக்கத்தான் செய்வார்கள் என்று படித்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. படித்தது ஞாபகம் வருவதற்கு முதலில் மூச்சு முட்ட வேண்டியிருக்கிறது. கைக்கடிகாரம் கிலோமீட்டருக்கு 16 நிமிடம் என்று காட்டியது. பார்க்கப் பிடிக்காமல் அதன் மேல் சட்டைக் கையை இழுத்து மூடிவிட்டேன். படிக்கட்டுப் பயிற்சி வீண்போகவில்லை. 9 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம், 2 மணி 5 நிமிடம். உச்சியில் புல்வெளி, மேகம் இடுப்பு உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாடும் தண்ணீரும் தரும் முதல் எய்ட் ஸ்டேஷனில் அவித்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டு இரண்டு தின்றேன். இவ்வளவுதானா மலை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

பிறகு இறக்கம்.

ஏழு கிலோமீட்டர். முதல் இரண்டு கிலோமீட்டர் ஆனந்தம். ஏற்றத்தில் இழந்த நேரத்தையெல்லாம் இங்கே பிடித்துவிடலாம் என்று பாய்ந்தேன். பாயவும் தெரியவில்லை. சறுக்கும் என்ற பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலைக் குத்திக் குத்தி, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போட்டுக்கொண்டே ஓடினேன். என்னைத் தாண்டிய ஒரு பெண், வயது இருபது இருக்கும், கொஞ்சம் முன்னால் சாய்ந்து, படபடவென்று குட்டி அடிகளாக வைத்து, கல் மேல் கால் தங்குவதற்குள் அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள். அவள் பார்வை காலடியில் இல்லை, நாலைந்து மீட்டர் முன்னால் இருந்தது. நான் என் ஷூவையே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் முன்தொடை நடுங்க ஆரம்பித்தது. விழாமல் இருக்க ஒரு மரத்தைப் பிடித்து நின்றபோது, தொடைச் சதை என் அனுமதி இல்லாமல் தானாக ஆடுவதைக் கண்ணால் பார்த்தேன். ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பின் எடையை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள வேண்டும். மூச்சு வாங்காது, அதனால் சுலபம் போல இருக்கும். ஆனால் தசை நார்கள் கிழிபடுவது இந்த வேலையில்தான். கால்கள் இந்த வேலையை ஒரு தடவை செய்து அடிபட்டிருந்தால் அடுத்த சில வாரங்களுக்குத் தாங்கிக்கொள்ளும், சேதம் குறையும். என் கால்களுக்கு இந்த மூன்று மாதத்தில் அந்த ஒரு தடவை கிடைக்கவே இல்லை. அவை லிஃப்டில் நின்றுகொண்டிருந்தன.

16-ஆவது கிலோமீட்டர், ஓடைக்கரை, 3 மணி 20 நிமிடம். தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிக்கப் போனேன். அங்கிருந்த தன்னார்வலர், “தாகத்துக்கு மட்டும் குடிங்க, உப்பும் எடுத்துக்கோங்க” என்றார். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். நீர் வற்றுவதைப் போலவே அதுவும் ஆபத்து, சில சமயம் உயிருக்கே. ஓடுகிறவர்கள் பிதுக்கிச் சாப்பிடும் மாவுச்சத்து ஜெல் ஒன்று, அரை வாழைப்பழம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்று திட்டம். ஒரு ஜெல்லில் சுமார் 25. கணக்கு சரியாக வந்தது, வயிறுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓடையைத் தாண்டியதும் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முன்னால் நீலச் சட்டை போட்ட ஒருவர் போனார். நல்ல சீரான நடை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். ரிப்பனை அவர் பார்ப்பார் என்று நான் இருந்தேன். பாதை மெல்லக் கீழே போனது, இறக்கமாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு. திடீரென்று அவர் நின்று திரும்பினார். “ரிப்பன் பார்த்தீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“நீங்க பார்த்துட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்.”

“பின்னால நீங்க வர்றதாலதான் நான் நம்பிப் போனேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நோட்டில் போட்ட இரண்டு கோடும் கண் முன்னால் வந்தன. திரும்பி ஏறி, ஆரஞ்சு ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கு வர மொத்தம் பதினெட்டு நிமிடம் போயிற்று. ரிப்பன் ஒன்றும் மறைந்திருக்கவில்லை. முகத்தில் அடிக்கிற உயரத்தில்தான் கட்டியிருந்தார்கள்.

இரண்டாவது ஏற்றம் 600 மீட்டர். வேடிக்கை என்னவென்றால், அங்கே ஏறும்போது தொடை வலிக்கவில்லை. ஏறுகிற தசை வேலைக்கு இன்னும் ஆள் இருந்தார்கள். ஆனால் 24-ஆவது கிலோமீட்டரில் ஒரு கட்-ஆஃப், 6 மணி 15 நிமிடம். அதற்குள் வராதவர்களின் எண்ணைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சட்டைக் கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நீலச் சட்டைக்காரர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டார். உப்பு மாத்திரை ஒன்று கொடுத்தேன். அதில் கால் விடுமா என்று எனக்குத் தெரியாது, கையில் இருந்தது அதுதான். “நீங்க போங்க, நேரம் ஆகுது” என்றார். விசில் இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். போனேன். சாலையில் இப்படி யாரையும் விட்டுவிட்டுப் போயிருப்பேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். இங்கே நாலு தடவை திரும்பிப் பார்த்தேன்.

24-ஆவது கிலோமீட்டர்: சரியாக 6 மணி. பதினைந்து நிமிடம் மிச்சம். அங்கே அக்கா உட்கார்ந்து ஷூவிலிருந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: “தொடையா?” தலையாட்டினேன். தன் இரண்டு கைத்தடிகளையும் நீட்டினார். வேண்டாம் அக்கா, விதி இருக்குமே என்றேன். “இங்க தடைன்னு சொல்லல. புடி” என்றார்.

கடைசி 8 கிலோமீட்டர் இறக்கம். ஓடினேன் என்று சொல்ல முடியாது. தடிகளை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். இரண்டு பாறைகளில் உட்கார்ந்து சறுக்கினேன். சின்னத் தட்டையான இடம் வந்தால் மட்டும் ஓட்டம். அக்கா எனக்கு முன்னால் இருபது மீட்டர் இடைவெளியிலேயே போனார். தடி இல்லாமல் அவர் இறங்குகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்: இடுப்பு காலுக்கு நேர் மேலே, கைகள் இரண்டு பக்கமும் விரிந்து, அடி சின்னது. கடைசி மூன்று கிலோமீட்டரில் அதேபோல் வைத்துப் பார்த்தேன். வலி குறையவில்லை. சறுக்குவது குறைந்தது.

7 மணி 41 நிமிடம். முடித்தவுடன் உட்காரப் போனேன், கால் மடங்கவில்லை. நாற்காலியை நோக்கி அப்படியே பின்பக்கமாக விழுந்தேன். யாரோ கழுத்தில் பதக்கம் போட்டார்கள். நீலச் சட்டைக்காரர் வருகிறாரா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். 24-இல் கட்-ஆஃப் தாண்டிவிட்டதாம், வண்டியில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, “ரிப்பன் பார்த்தீங்களா?” என்றார்.

நான்காம் நாள், திங்கள்

இன்று அதிகம் எழுத ஒன்றும் இல்லை. அறை முதல் மாடியில் இருக்கிறது. சாப்பாடு தரைத் தளத்தில். பதினெட்டுப் படி. காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி, ஏணியில் இறங்குவது போல இறங்கினேன். பாதியில் நின்று பார்த்தால் மேலே இன்னும் மூன்று பேர் அதே மாதிரி முதுகைக் காட்டி வருகிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தாலும் வலிக்கிறது.

லாக்டிக் அமிலம் தேங்கி வலிக்கிறது என்று பக்கத்து மேசையில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அது ஓட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். இது தசை நாரில் விழுந்த நுண்ணிய சேதத்தின் வலி. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஏறிக்கொண்டே போகும். அதாவது நாளைக்கு இன்னும் மோசம். சொல்ல வாயெடுத்தேன், அவருடைய முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அக்கா விடிகாலையிலேயே கிளம்பிவிட்டார். தடிகளைத் துடைத்து அவர் பையில் செருகிவிட்டிருந்தேன். என் தலைமாட்டில் நகவெட்டி இருக்கிறது. மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா தெரியவில்லை. வலது பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. சரியாக ஒட்ட வெட்டவில்லை போல.

ஐந்தாம் நாள், செவ்வாய்

பேருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு டிரைவர் கியரைக் குறைத்துக் குறைத்து இறக்கினார். போகும்போது இதைக் கவனிக்கவே இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறக்கினால் சூடேறிப் போய்விடும் என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். ஆமாங்க என்றேன். என் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீடு. வாட்ச்மேன் அண்ணன் பதக்கத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கத்தில் போய் லிஃப்டை நிறுத்தி வைத்தார். ஏறிக்கொண்டேன்.

“இனிமே படி ஏற மாட்டீங்களாம்மா?”

“ஏற மாட்டேன் அண்ணா. ரெண்டு வாரம் கழிச்சு வந்து இறங்குறேன்.”

கதவு மூடும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த முதல் வாரப் பார்வை.